மினுங்கிய தோட்டாக்கள்

துவக்குத் தோட்டாவைக் கத்தரிக்காய் மாதிரி மினுக்கம் பார்த்துத் தெரிவு செய்த மடையன் ஒஸ்லோவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காம்பைத்தான் தேடவில்லை.

துவக்கு என் மனைவியின் தம்பியுடையது. எங்கள் இருவரையும் விட வயதில் மூத்த இராணுவத் துவக்கு. அதன் குழலுக்கு மாற்றுக் கிடைக்காது. துருப்பிடித்தால் துவக்கு தன் இரும்புப் பெட்டிக்குள்ளேயே படுத்துக்கொள்ள வேண்டியதுதான். என்னிடம் துவக்கும் இல்லை, உரிமமும் இல்லை. கருத்து மட்டும் தாராளமாக உண்டு.

பழைய துவக்குகளுக்கான போட்டிக்கு முந்தின வாரம், சூட்டுக் கழகத்தில் ஒரு நோர்வேக்காரக் கிழவர் இராணுவம் கழித்துவிட்ட தோட்டாக்களை மேசையில் பரப்பியிருந்தார். மச்சான் மங்கலான ஒரு பெட்டியை எடுத்தான். ஒவ்வொன்றாக உருட்டி, கழுத்தில் வெடிப்பு இருக்கிறதா, அடியில் என்ன முத்திரை என்று பார்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

“உதென்னடா, செத்த நிறம்! இஞ்சை பார், தங்கம் மாதிரி மினுங்குது. விலையும் குறைவு.”

“அத்தான், மினுக்கினதாலைதான் மினுங்குது. அது இன்னும் பழசு.”

கிழவரும் ஒளிக்கவில்லை. அந்த மினுங்கும் தோட்டாக்கள் வெடித்தால் குழலுக்குள் உப்புப் படியுமாம். உடனே கொதிநீர் ஊற்றிக் கழுவாவிட்டால் துருவாம். “கொதிதண்ணி தானே, அது என்ரை பொறுப்பு” என்றேன். நான் விடுகிற ஆளா? அரைமணி நேர நச்சரிப்புக்குப் பிறகு மச்சான் மினுங்குகிற பெட்டியையே வாங்கினான்.

போட்டியன்று மழைத் தூறல். தோட்டாக்கள் குறை சொல்ல முடியாமல் வெடித்தன. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சுட்டு முடித்ததும் மச்சான் குழலில் புனலைச் செருகிவிட்டுக் கையை நீட்டினான். பிளாஸ்க்கைக் கொடுத்தேன். மூடியைத் திறந்தவன் முகர்ந்து பார்த்தான்.

“அத்தான், இது என்ன?”

பால் தேத்தண்ணி. இஞ்சி தட்டிப் போட்டது, சீனி தூக்கல். நான் இருக்கிற அம்மருட்டை விட்டு எங்கே வெளிக்கிட்டாலும் என் கை தானாகப் பிளாஸ்க்கில் தேத்தண்ணியைத்தான் ஊற்றும். அன்றும் அது தன் கடமையைச் செய்திருந்தது.

துவக்கைக் காரில் ஏற்றிக்கொண்டு ஹொல்ம்லியாவில் இருக்கும் அவன் வீட்டுக்கு விரைந்தோம். குளியலறையில் நான் கேத்தில் கேத்திலாகக் கொதிநீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவன் ஊற்றினான், துடைத்தான், எண்ணெய் போட்டான், குழலை வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். கடைசித் துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. அப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது. எனக்கு வாயும் வந்தது.

“பாத்தியே மச்சான், ஒண்டும் நடக்கேல்லை. அடுத்த முறையும் நானே தெரிஞ்சு தரட்டே?”

“நீங்கள் தேத்தண்ணி மட்டும் கொண்டு வாங்கோ, அத்தான்.”