பனங்கொல்லை போக இரண்டு ஜிபிஎஸ்

மோட்டார் சைக்கிளுக்கு எந்த ஜிபிஎஸ் கருவி வாங்கலாம் என்று சில நண்பர்கள் கேட்டிருந்தீர்கள். நானும் இதே கேள்வியோடு மூன்று மாதம் இணையத்தைப் புரட்டினேன். அங்கே எழுதுகிறவர்கள் எல்லாம் அமெரிக்காவில் ஆறு வழிச் சாலையில் ஓட்டுகிறவர்கள். அவர்கள் சொல்வது எங்கள் கம்மாபுரம் ரோட்டுக்குச் செல்லுபடியாகாது. ஆகவே 2009 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கருவிகளை ஒரே வண்டியில் மாட்டி, விருத்தாசலத்தைச் சுற்றி நானே ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு வட்டம் அடித்தால் முடிவு தெரிந்துவிடும் என்பது என் கணக்கு.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன் என்பது உங்களுக்குப் புரியாது. எனக்குத் திக்குவாய். எழுத்தில் எப்படி அடித்து விளாசுகிறேன் என்று பார்க்கிறீர்கள் அல்லவா? நேரில் வந்தால், டீக்கடையில் சர்க்கரை கம்மியாகப் போடுங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் டீ கைக்கு வந்து ஆறியும் போயிருக்கும். அதனால் வருடக்கணக்கில் சர்க்கரை தூக்கலாகவே குடித்து வருகிறேன்.

வண்டி ஓட்ட வாய் தேவையில்லை என்பதால்தான் எனக்கு வண்டி பிடித்தது. ஆனால் நம் நாட்டில் வழி கேட்காமல் எங்கே போக முடியும்? போன வருடம் ஏலகிரி போகும்போது கூட வந்த நண்பர்களை ஒரு முச்சந்தியில் தவறவிட்டேன். யாரிடமாவது கேட்க வேண்டுமே என்று பயந்து, முன்னால் போன பால் வண்டியைப் பிடித்துக்கொண்டு போனேன். அது ஒரு கிராமத்தில் பால் ஊற்றும் இடத்தில் நின்றது. நானும் நின்றேன். கேன் எங்கே என்று கேட்டார்கள். சிரிக்காதீர்கள், எனக்கு அன்று அழுகையே வந்துவிட்டது. கொங்கண் கடற்கரைக்குத் தனியாக ஓட்டிப் போக வேண்டும் என்ற ஆசையை மூன்று வருடமாகத் தள்ளிப் போடுவதற்கு இதுதான் காரணம். ஒருவரிடமும் வாய் திறக்காமல் போய் வர ஒரு கருவி கிடைத்தால், வரும் தையில் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

புதுச்சேரியில் எங்கள் வண்டிக் குழுவின் சேகர் மின்னணுச் சாமான் கடை வைத்திருக்கிறார். இரண்டு கருவிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று காருக்கென்று செய்தது. உள்ளங்கை அகலத் தொடுதிரை, வழி சொல்லும் பெண் குரல், விலை 11,500. இன்னொன்று மலையேறுகிறவர்கள் கையில் வைத்துக்கொள்வது. சின்னத் திரை, பொத்தான்கள், பேசாது. அது 14,000, வரைபட அட்டை தனியாக 3,500. நான் பீங்கான் கம்பெனியில் களிமண்ணை அச்சில் வார்க்கும் வேலை பார்க்கிறவன். உங்கள் வீட்டில் பியூஸ் போடும் வெள்ளைக் கட்டை அநேகமாக எங்கள் ஊர்ச் சரக்குதான். சூளையிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்ப்போம்; கணீரென்றால் நல்லது, சத்தம் அமுங்கினால் விரிசல். அதே பழக்கத்தில் இரண்டு ஜிபிஎஸ்ஸையும் சுண்டினேன்.

“இன்னா சாமி, தேங்காயா வாங்க வந்த?” என்றார் சேகர். “ரெண்டையும் எடுத்துக்கினு போ. ஞாயித்துக்கிழம ஓட்டிப் பாரு. திங்கக்கிழம வேணாங்கறத கொண்டாந்து குடுத்துடு.”

ஞாயிற்றுக்கிழமையில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. எங்கள் கம்பெனியில் பளபளப்புப் பூச்சு போடும் பிரிவில் வேலை செய்யும் ராணி அக்காவின் புது வீட்டுக்கு அன்றைக்குத்தான் பால் காய்ச்சுகிறார்கள். மதியம் விருந்து. “எங்க ஊரு பனங்கொல்லைதான், கம்மாபுரத்துக்கு அந்தாண்ட. வந்துடு” என்று சொல்லியிருந்தார். வீட்டு முகப்பில் பதிக்க ஒரு பீங்கான் பெயர்ப்பலகை என் கையாலேயே வார்த்துச் சுட்டிருந்தேன். நீல எழுத்தில் ‘ராணி இல்லம்’. வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வைத்து வண்டியின் பின்னால் கட்டினேன். ஆக, கருவிக்கும் சோதனை, எனக்கும் சாப்பாடு.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி முதலில் ஸ்ரீமுஷ்ணம். என் வண்டிக் கணக்கில் 23 கிலோமீட்டர், நாற்பது நிமிடம். பஸ் ஓடும் ரோடு, எனக்கு நன்றாகத் தெரிந்த வழி. தெரிந்த வழியில்தான் கருவியின் பொய் தெரியும். கார் கருவி ஊருக்குள் கெட்டிக்காரத்தனமாகத்தான் நடந்துகொண்டது. எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பதைப் படம் போட்டுக் காட்டியது. ஹெல்மெட்டுக்குள் இயர்போன் செருகியிருந்தேன். அந்தப் பெண் குரல் ‘விருத்தாசலம்’ என்று சொல்ல முயன்று, பாதியில் உடைந்து, வேறெங்கோ போய் முடிந்தது. பாவம், அந்த அம்மாவுக்கும் வாயில் வரவில்லை. எனக்கு அவர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

ஊர் தாண்டி வெயில் ஏறியதும் சாயம் வெளுத்தது. திரையில் என் மூக்குதான் தெரிந்தது, ரோடு தெரியவில்லை. கையுறை போட்ட விரலுக்குத் தொடுதிரை மசியவில்லை. ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது பிடிமானமே கழன்று, நான் முன்யோசனையாகக் கட்டியிருந்த கயிற்றில் ஊஞ்சலாடியது. கைக்கருவியை சைக்கிள் டியூப் துண்டு சுற்றி ஹேண்டில்பாரில் இறுக்கியிருந்தேன், அது அசையவில்லை. வெயில் ஏற ஏற அதன் திரை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அதில் ஊர்ப் பெயர்கள் குறைவு. பனங்கொல்லை என்று ஒவ்வொரு எழுத்தாகப் பொத்தானை அழுத்தித் தேடினேன். அப்படி ஓர் ஊரே இல்லை என்றது. கார் கருவியோ கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டது. ஸ்ரீமுஷ்ணம் கோயில் வாசலில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்தபோது, கார் கருவியையே வாங்கி வெயிலுக்கு ஒரு மறைப்புச் செய்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

அங்கிருந்து கம்மாபுரம் பக்கம் குறுக்கு ரோடு. நெல் வயல்கள் முடிந்து, தூரத்தில் மலை மாதிரி மண்மேடு தெரிய ஆரம்பிக்கும். பழுப்பு நிலக்கரிக்குத் தோண்டிக் கொட்டிய மண். மெயின் ரோட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே போயிருப்பேன். ரோடு போய் ஒரு கம்பி வேலியில் முட்டிக்கொண்டு நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளம். பள்ளமென்றால் கிணறு, குளம் என்று நினைக்காதீர்கள். ஒரு ஊரையே தூக்கி உள்ளே வைத்துவிடலாம். காதில் அந்த அம்மா, இன்னும் 1.2 கிலோமீட்டர் நேராகப் போ என்று ஆங்கிலத்தில் அன்பாகச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பனங்கொல்லைக்காரர்கள் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வேறு இடத்தில் மனை வாங்கிக் குடியேறியவர்கள். குடியேறிய இடத்தையும் பனங்கொல்லை என்றேதான் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் ஊர் இடம் மாறும், பெயர் மாறாது. ராணி அக்கா ‘எங்க ஊரு’ என்று சொன்னபோது புதிய ஊரைத்தான் சொன்னார். விருத்தாசலத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டாமா? கருவி காட்டுகிறதே என்ற தைரியத்தில் யோசிக்காமல் வந்துவிட்டேன்.

வேலியோரம் நிழலில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து வந்தார். பெரியவர், நல்ல மனிதர்.

“எங்கப்பா போவணும்?”

“ப... ப...”

“பண்ருட்டியா? ரோடு மாறி வந்துட்டியே.”

இல்லை என்று தலையாட்டினேன். “ப... ப... ப...”

“பரங்கிப்பேட்டையா? அது கெழக்கால, ரொம்ப தூரமாச்சே!”

உதவி செய்கிற அவசரம் அவருக்கு. என் வார்த்தையை மற்றவர் முடித்து வைக்கும்போது எனக்கு மிச்சம் இருப்பதும் தொண்டைக்குள் போய்விடும். கும்பிடு போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

இங்கேதான் கைக்கருவி தன் வேலையைக் காட்டியது. நான் வந்த பாதையை அது புள்ளி புள்ளியாக வரைந்து வைத்திருந்தது. இரண்டு கிளைரோடுகளில் குழம்பாமல், அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டி மெயின் ரோட்டுக்கு வந்து சேர்ந்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஆசைப்பட்டது இதைத்தானே? அப்படியே வீட்டுக்கும் போயிருக்கலாம், கருவி வழிகாட்டத் தயாராக இருந்தது.

ஆனால் பின்னால் பெயர்ப்பலகை இருந்தது. செல்போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். திக்குவாய்க்காரனுக்குச் செல்போன் போல ஒரு எதிரி கிடையாது; நாம் திணறும்போது லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடுவார்கள். கம்பெனியில் நான் பேச ஆரம்பித்தால் பத்துப் பேர் முடித்து வைப்பார்கள். ராணி அக்கா மட்டும் முடிக்க மாட்டார். என் வாயையே பார்த்துக்கொண்டும் நிற்க மாட்டார். கட்டையைப் பூச்சில் முக்கி எடுத்து அடுக்கிக்கொண்டே இருப்பார், நான் சொல்லி முடிக்கும்வரை. அப்படிப்பட்டவர் வீட்டு விருந்துக்கு, வழி கேட்கப் பயந்து போகவில்லை என்றால் நான் என்ன மனிதன்?

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்மணி மொபெட்டை நிறுத்தி, பின்னால் ஒரு எவர்சில்வர் அண்டாவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். முழுதாகக் கேட்டேன். இடையில் ஒரு பஸ் வந்து ஆள் இறக்கிவிட்டுக் கிளம்பியது. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அவர் முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை.

“பழசு மண்ணுக்குள்ள போயிடுச்சுங்க. புதுசுக்கா? ராணி வூட்டு விசேசமா?” என்றார். “வழி வாயால சொன்னா வெளங்காது. நானும் அங்கதான் போறேன். என் பின்னாலயே வாங்க.”

மொபெட்டின் வேகம் இருபத்தைந்து. 150 சிசி வண்டியில் அண்டாவைப் பார்த்தபடியே எட்டுக் கிலோமீட்டர் போனேன். கார் கருவி திரும்பு, திரும்பு என்று கத்திக்கொண்டே வந்து, கடைசியில் பேட்டரி தீர்ந்து அடங்கியது. கைக்கருவி வாயை மூடிக்கொண்டு, அதன் படத்தில் வெறுமையாக இருந்த இடத்தில் எங்கள் பாதையைக் கோடாக வரைந்துகொண்டே வந்தது. தண்ணீர்த் தொட்டி தாண்டி, ஒரே மாதிரி வீடுகள் வரிசை வரிசையாக இருந்த இடத்தில், வாழைமரம் கட்டிய வாசல் முன் நின்றோம்.

பெயர்ப்பலகையைப் பிரித்துச் சுண்டினேன். கணீரென்றது. ராணி அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவர் தம்பி அப்போதே சிமென்ட் குழைத்துப் பதித்துவிட்டார். நான் கைக்கருவியில் அந்த இடத்தைக் குறித்து, ‘பனங்கொல்லை’ என்பதை ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாக ஏற்றினேன். என்னைப் போலவே மெதுவான கருவி. அவசரப்படுத்த ஆளில்லை.

பாயசம் ஊற்றும்போது போன் வந்தது. திட்டக்குடியிலிருந்து வேனில் வந்த அக்காவின் சொந்தக்காரர்கள் பழைய ஊர் வழியிலேயே போய் அதே கம்பி வேலியில் நிற்கிறார்கள். போனை ஆளுக்கு ஆள் வாங்கி வழி சொன்னார்கள். “தண்ணி டேங்க் தெரியுதா? தெரிலியா? அப்ப இப்டிக்கா வாங்க” என்று கையை வேறு காட்டினார்கள். கை போனில் தெரியுமா? ராணி அக்கா கடைசியில் என்னைப் பார்த்தார்.

“செல்வம், நீ போயி கூட்டியாந்துடு. ஒன் மெஷினுலதான் வழி இருக்குதுல்ல.”

அவ்வளவு பேர் நடுவில், உப்பு எடுத்து வா என்பது போல இயல்பாகச் சொன்னார். யாரும் ‘இவனா?’ என்று கேட்கவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினேன். வரைந்து வைத்த கோட்டைப் பிடித்து, இருபது நிமிடத்தில் வேலி முன் நின்றேன். வேன் நிறைய ஆட்கள். பக்கத்தில் அதே காவலாளி.

“அட, பரங்கிப்பேட்டைத் தம்பி!” என்றார்.

வேன் டிரைவர் தலையை நீட்டினார். “ராணி வூட்டுக்கு எப்டிங்க போவணும்?”

“எ... எ... என்...”

காவலாளி எனக்கு உதவ வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவை அப்படி ஒருவரை நிறுத்துகிறேன். வேனில் எல்லோரும் காத்திருந்தார்கள். வேறு வழி? போக வேண்டிய இடம் எனக்குத்தானே தெரியும்.

“என் பின்னாலயே வாங்க” என்று சொல்லி முடித்தேன்.

திங்கட்கிழமை கார் கருவியைச் சேகரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேசாத கைக்கருவியை வாங்கிக்கொண்டேன். நீங்கள் வாங்குவதாக இருந்தால் கடைக்குள் பார்க்காதீர்கள். நடுவெயிலில் நின்று திரையைப் பாருங்கள். கையுறையோடு இயக்கிப் பாருங்கள். சாதாரணப் பெட்டிக்கடை பேட்டரியில் ஓடுவது நல்லது, இதற்கு இரண்டு போட்டால் ஒரு நாள் முழுக்கத் தாராளமாக வருகிறது. பிடிமானத்துக்கு சைக்கிள் டியூப் போதும், ஆனாலும் பாதுகாப்புக்கு ஒரு கயிறு கட்டிவிடுங்கள். சுரங்கமோ அணையோ புறவழிச்சாலையோ வந்த பகுதி என்றால், கருவியில் உள்ள ஊர் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். எல்லாவற்றையும்விட, வந்த பாதையை நினைவில் வைத்துக்கொள்ளும் கருவியாகப் பாருங்கள். வழி கேட்காமல் இருக்கத்தான் நான் ஜிபிஎஸ் தேடினேன். கேட்ட வழியை மறக்காமல் இருப்பதற்காக வாங்கினேன். எனக்கு ஒரு தடவை கேட்பதே பெரிய செலவு. இனி எந்த வழிக்கும் அந்த ஒரு தடவை போதும்.

தையில் சேலம், ஓசூர் வழியாகக் கொங்கணுக்குத் தனியாகக் கிளம்புகிறேன். வழியில் எங்காவது வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, உங்கள் முன் வாயைத் திறந்தபடி ஒருவன் நின்றால், தயவுசெய்து ஊர்ப் பெயரை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நானே சொல்வேன்.