வேன்காரர் ஒப்புக்கொண்ட அடி

வெடுக்கென்று பேசுவதால் தெருவில் அவளுக்கு வெடுக்கு என்றே பெயர். அன்று கோர்ட்டு பெஞ்சில் அவள் வாய் பூட்டிக் கிடந்தது. கால்தான் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. பெஞ்சே குலுங்குகிறது என்று பக்கத்திலிருந்தவர் இரண்டு முறை முறைத்தார். முறைக்கட்டும்.

குற்றவாளிக் கூண்டில் நின்றவர் அவள் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எறும்பு கடித்தால் அதை ஊதிவிடுகிற ரகம். லாரி முதலாளியைக் கன்னத்தில் அறைந்தார் என்று அவர்மேல் வழக்கு. அறைந்ததென்னவோ வெடுக்கு, அதுவும் செருப்பால். கூலிக்கு அவள் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த துணிக்கூடையை அவன் சாக்கடையில் எட்டி உதைத்தால் வேறென்ன செய்வாளாம்? பொம்பளையிடம் செருப்படி வாங்கினேன் என்று ஊரறியச் சொல்ல அவனுக்கு வெட்கம். புருஷன் அடித்ததாகப் புகார் எழுதிவிட்டான்.

"நான் ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிடும். விசாரணைன்னு வந்தா உன்னை இழுத்துடுவாங்க. நீ வாயைத் திறக்காதே," என்று கோர்ட்டு வாசலிலேயே கணவர் சொல்லிவிட்டார். அபராதத்தோடு எங்கே போகும்? அடிதடியில் தண்டனை வாங்கியவனை நம்பி எந்தப் பள்ளிக்கூடம் பிள்ளைகளை ஏற்றிவிடும்? வேன் போனால் அந்த மனுஷன் பாதி செத்துவிடுவார்.

மாஜிஸ்திரேட் அம்மா குற்றச்சாட்டைப் படித்துக் காட்டினார். "குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேங்க."

"யாராவது மிரட்டிச் சொல்ல வெச்சாங்களா?"

"இல்லைங்க. நானாத்தான் சொல்றேன்."

"எதுக்கு அடிச்சீங்க?"

வேன்காரர் திருதிருவென்று விழித்தார். அதற்குப் பதில் யோசித்து வரவில்லை, பாவம். "கோவம்ங்க," என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். கோர்ட்டே சிரித்தது.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. எழுந்துவிட்டாள். "அம்மா, இவர் புளுகுறார். அடிச்சது நான். இந்த மனுஷன் என்னையே ஒரு நாள் அதட்டினதில்லைங்க."

மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. "உட்காருங்க. இவர் ஒத்துக்கிட்டதை நான் ஏத்துக்கலை. வழக்கு விசாரணைக்குப் போகட்டும். நீங்க முதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க. உங்க மேலயும் வழக்கு வரலாம்." பின்வரிசையில் லாரி முதலாளி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

படியிறங்கும்போது வேன்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு உன்னைக் கூண்டுல ஏத்திக் கேட்டா, அடிச்சது நான் இல்லைன்னு சொல்லிடு. சொல்லுவியா?"

"உங்களுக்கே பொய் சொல்ல வரலை. எனக்கு மட்டும் வருமா?" என்றாள் வெடுக்கு. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.