இரண்டாவது பிரேக்

“அந்த ரெண்டாவது பிரேக்கை என் கால் தொடாது. தொட்டா, ரிட்டயர் ஆகுற வரைக்கும் இதே நாற்காலியில உக்காந்து ஃபாரம் நிரப்புறேன்!”

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் முன்னறையில், மூன்று பயிற்சியாளர்களும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் சாட்சியாக நிற்க, ஃபாரம் அக்கா செய்த சபதம் இது. வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதால் அந்தப் பெயர். ஆறு வருஷம் நிரப்பிய கைக்கு, இனி அடுத்தவருக்கு ஓட்டக் கற்றுத்தர வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. இரண்டாவது பிரேக் என்பது பயிற்சி வண்டியில் ஆசிரியரின் காலடியில் இருப்பது. மாணவர் மறந்தால் ஆசிரியர் மிதிக்கலாம். அதைத் தொடாமல் கற்றுத்தருவேன் என்றவர் உலக வரலாற்றில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

முதலாளி விடவில்லை. “நாளைக்குச் சோதனை. பின்சீட்டுல நான் உக்காருவேன். கால் அங்க போச்சுன்னா ஃபாரம்தான். சரியா?”

வாய் “சரி” என்று முந்திக்கொண்டது. மூளைக்கு விஷயம் அதன் பிறகுதான் தெரியவந்தது.

இந்த வீராப்புக்கு ஒரு பூர்வகதை உண்டு. அக்காவுக்கு வேறொரு பள்ளியில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் தங்கமான மனிதர். திட்டவே மாட்டார். அக்கா மறந்த இடத்திலெல்லாம் ஓசைப்படாமல் தன் பிரேக்கை மிதித்துவிட்டு, “சூப்பர்மா! என்னமா பிடிச்சீங்க!” என்பார். தாம்தான் பிடிக்கிறோம் என்று அக்காவும் நம்பினார். லைசென்ஸ் வந்த மூன்றாம் நாள், பக்கத்தில் தங்கமான மனிதர் இல்லாமல், ஒரு தையல் கடைக்குள் காரோடு போய் நின்றார். தையல்காரர் டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தார். தையல் மெஷினுக்கு டீ குடிக்கும் பழக்கம் இல்லை.

அதற்குப் பிறகு அக்கா காலி மைதானம் ஒன்றில் பிளாஸ்டிக் வாளியை நிறுத்தி, அதன் முன்னால் பிரேக் போட்டுப் பழகினார். பதினொரு வாளிகள் கல்விக்காக உயிர்நீத்தன. பன்னிரண்டாவது இன்றும் குளியலறையில் சௌக்கியம். மாணவரின் கால் செய்ய வேண்டியதை ஆசிரியரின் கால் செய்யக் கூடாது என்ற மாபெரும் கல்விக் கொள்கை அந்த மைதானத்தில்தான் பிறந்தது.

சோதனைக்கு ஒரு மாணவர் வேண்டுமே. தையல் கடை விவகாரம் தெரிந்த எல்லோருக்கும் அன்று பார்த்து உடம்பு சரியில்லை. வந்தது அக்காவின் மாமியார் மட்டும்தான். டெலிபோன் ஆபீஸில் முப்பது வருஷம் பேசி ஓய்வு பெற்றவர். பேச்சுக்கு மட்டும் ஓய்வு கொடுக்காதவர். ஒரு வாரமாக அதே பள்ளியில் கியர் மாற்றப் பழகிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, உன் முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு? ஓட்டப்போறது நான்தானே?”

“அதனாலதான் அத்தை.”

வண்டி கிளம்பியது. பின்சீட்டில் முதலாளி இரண்டு முன்சீட்டுகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். அக்கா தன் வலது காலை இடது காலால் அமுக்கி வைத்துக்கொண்டார். சொந்தக் காலையே நம்ப முடியாத நிலைமை.

முதல் சிக்னலில் அத்தை தானே நிறுத்தினார். பஸ் ஸ்டாப்பிலும் நிறுத்தினார், ஒரு முழம் மிச்சம் வைத்து. அக்காவுக்கோ கண் முன்னால் போகிற ஒவ்வொரு ஆளும் வாளி மாதிரியே தெரிந்தார்.

“ரோட்டைப் பாருங்க அத்தை.”

“ரோட்டைத்தான் பாக்குறேன். உன்னைப் பாத்தாதான் பயமா இருக்கு.”

கடைத்தெரு திரும்பியதும், ஒரு கிடங்கின் வாசலிலிருந்து லாரி பின்னோக்கி வந்தது. பின்பக்கம் இரும்புக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன, சரியாக அத்தையின் முக உயரத்துக்கு. நுனியில் கட்டிய சிவப்புத் துணி ஆடியது.

“பிரேக், அத்தை.”

“போடுறேன், போடுறேன்.”

துணி பெரிதானது. அக்கா காத்திருந்தார். அத்தையே போடுவார், சிக்னலில் போட்டாரே. குழாயின் வாய் தெரிந்தது. வாய்க்குள் இருந்த இருட்டும் தெரிந்தது.

“அத்தை!”

வண்டி உதறி நின்றது. சிவப்புத் துணி கண்ணாடியை ஒரு தடவை தடவிவிட்டு அடங்கியது. லாரி டிரைவர் இறங்கி வந்து எதையோ சொன்னார். யார் காதிலும் விழவில்லை.

முதலில் அத்தைக்குத்தான் மூச்சு வந்தது. “பாத்தியா! என்னமா பிடிச்சேன்!”

பின்சீட்டில் முதலாளி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். “நின்னுடுச்சா? பிரமாதம்மா! நான் பாக்கல, ஆனா பிரமாதம். நாளையிலேருந்து நீங்க பயிற்சியாளர்தான்.”

‘சூப்பர் அத்தை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது அக்காவின் நாக்கு நுனி வரை வந்தும் விட்டது. அங்கே அவருக்குத் தையல் மெஷின் ஞாபகம் வந்தது. அடுத்த தடவை கடைக்காரர் டீ குடிக்கப் போயிருப்பார் என்று யார் கண்டது?

அக்கா மெல்லச் சொன்னார்: “குனிஞ்சு பாருங்க அத்தை. உங்க ரெண்டு காலும் தரையில இருக்கு. பிரேக் மேல இருக்கிறது என் கால்.”