ஜன்னல் மைக்கில் என் பெயர்

விளாங்குடியில் எங்கள் வீட்டுக் கணினி ஒன்றுதான். உட்காருகிறவர்கள் இரண்டு பேர். எனக்கும் மனைவிக்கும் தனித்தனிக் கடவுச்சொல், தனித்தனித் திரை. அவள் ஆசிரியை. சனிக்கிழமை காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதில் வகுப்பெடுப்பாள்.

ஒரு கல்லூரியின் சமுதாய வானொலி அந்த மாதக் கடைசிக்குள் என் கவிதையைக் குரலில் கேட்டிருந்தது. வாசிப்புக்குப் பின்னால் எங்கள் தெரு ஓட வேண்டும் என்று எனக்கு ஆசை. திண்டுக்கல் சாலையின் பஸ் ஹார்ன், அணில், குக்கர் விசில், எல்லாவற்றுக்கும் மேலே கீரைக்கார அக்காவின் நீளமான கூவல். அவரோ சனிக்கிழமைதான் வருவார். கையில் மூன்று சனிக்கிழமைகள்.

முதல் வாரம் ஜன்னலில் என் மைக்கை வைத்து, பதிவை ஓடவிட்டு, டீக்கடைக்குப் போனேன். மனைவி வந்து தன் திரைக்கு மாறி வகுப்பைத் தொடங்கியிருக்கிறாள். பிறகு கேட்டால், அந்த நொடியிலிருந்து என் பதிவில் வெறும் மௌனம்.

தல்லாகுளத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன்.

"மெஷின் மேல தப்பில்ல மாப்ள. மைக், கேமரா ஒவ்வொண்ணுக்கும் உள்ளுக்குள்ள ஒரு சீட்டு இருக்கு, இன்னார் தொடலாம்னு. மெஷின் முன்னாடி யாரு உட்கார்றாங்களோ அவங்க பேரைத் தானா எழுதிக்கும். தங்கச்சி உட்கார்ந்ததும் உன் பேரை அடிச்சிருச்சு. அம்புட்டுத்தான்."

"என் பேரு அழியாம இருக்கணும்னா?"

"மெஷினுக்குள்ள ஆடியோ குழுன்னு ஒண்ணு இருக்கு, அதுல உன் பேரைச் சேர்த்துக்க. ஒரு வரிக் கட்டளை அனுப்புறேன், அதை மெஷின்ல தட்டு. அப்புறம் யாரு உட்கார்ந்தாலும் உனக்குக் கேட்கும். ஆனா ஒண்ணு மாப்ள..."

அந்த 'ஆனா'வுக்கு நான் காத்திருக்கவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை பதிவு அற்புதம். கூவல் வந்தது, ஹார்ன் வந்தது, மழைத்துளி மாதிரி அணில் வந்தது. பின்னாலேயே வகுப்பு. வகுப்பு முடிந்து அவள் தன் அக்காவிடம் போனில் பேசுவதும் வந்தது.

"ஆமாக்கா, ஜன்னலுக்கு மைக் வச்சுட்டுத் திரியுறாரு. ஜன்னல் என்ன பாடவா போகுது? ஆனா கவிதை நல்லாத்தான் வந்திருக்கு. அவருகிட்ட சொல்லிறாத, அப்புறம் ஆளைப் பிடிக்க முடியாது."

அதற்கு மேல் என்ன சொன்னாளோ! கேட்க ஆசைதான், ஆனாலும் நிறுத்தினேன். அடுப்படிக்குப் போய், நண்பன் அனுப்பிய வரியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏங்க, ஒட்டுக் கேட்டீங்களா?" கையில் தோசைக்கரண்டி.

"நான் கேட்கல. மெஷின் கேட்டுச்சு."

"மெஷினுக்கு யாரு சொன்னது?" கரண்டி இறங்கவில்லை. "எது வரைக்கும் கேட்டீங்க?"

"பிடிக்க முடியாது வரைக்கும்."

அவள் சிரித்த சிரிப்பில் தோசை கருகியது. சிரித்து முடித்துச் சொன்னாள்: "முதல்ல அதை அழிங்க. உங்க பேரையும் அழிங்க. நான் உட்கார்ந்தா நான் மட்டுந்தான்."

இரண்டையும் அழித்தேன், கூவலோடு சேர்த்து. மிச்சம் ஒரே ஒரு சனிக்கிழமை.

அன்றைக்கு அவளே வகுப்பை அரை மணி தள்ளிவைத்தாள். நான் கணினி முன்னால் அசையாமல். அவள் ஜன்னலோரம் வாயைப் பொத்திக்கொண்டு. கூவல் தெருமுனையில் கிளம்பி, எங்கள் வாசலில் வந்து நின்றது. மனைவி கூடையைப் பார்த்தாள். தாங்கவில்லை.

"ஏக்கா, கட்டு இம்புட்டூண்டு ஆயிப்போச்சே!"

"அது கெடக்கட்டும் தாயி. உன் வீட்டுக்காரரு ஏன் என்னைய இப்படிப் பார்க்குறாரு?"

விஷயத்தைச் சொன்னாள். ரேடியோவில் வரும், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள். நான் பதிவை நிறுத்தக் கை கொண்டுபோனேன்.

"வெட்டாதீங்க. நான் பேசினதும் இருக்கட்டும்" என்றாள் என் பக்கம் திரும்பாமலே.

கீரைக்கார அக்கா கூடையை இறக்கினார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ரேடியோவுக்கா? மொதல்லயே சொல்ல வேணாமா? இப்பக் கேளு" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு கூவல் கூவினார். ஏற்கெனவே கீரை வாங்கிப் போனவர்களும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.