அடைப்பான் ஊசி போட்ட ஜோடி

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மாரண்டஹள்ளிப் பக்கத்தில் ஒரு ஊருக்கு நான் கல்யாணமாகி வாழப் போயிருந்தேன். அங்கே கோடை மழை விழுந்தால் மாடுகளுக்கு அடைப்பான் நோய் வரும். காலையில் மேய்ந்த மாடு சாயங்காலம் வயிறு உப்பி, மூக்கில் ரத்தம் வழிய விழுந்து கிடக்கும். செத்ததைத் தோல் உரித்து ஏரிக்கரையில் புதைப்பார்கள். மறு வருஷம் அங்கேதான் புல் தளதளவென்று முளைக்கும், ஊரே மாட்டை அங்கேதான் ஓட்டும். திரும்பவும் மாடு விழுந்தால் மாரியாத்தாளுக்குக் கோபம் என்பார்கள். நல்ல நியாயம்!

மழைக்கு முன்னால் மாட்டு டாக்டர் ஊசியோடு வந்தார். ஒருத்தரும் கிட்டே போகவில்லை. என் பிறந்த வீட்டில் இதே நோயில் உழவு மாடு போய், அப்பா கூலிக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். எங்கள் உழவு மாட்டு ஜோடியை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினேன். மாமியார் பின்னாலேயே ஓடிவந்தார்.

"என்ன ஊசிங்க அது?" என்று டாக்டரை மறித்தார்.

"அடைப்பான் கிருமிதாம்மா. மண்ணுக்குள்ள விதையாட்டம் வருசக்கணக்காக் கெடக்குமே, அதே சாதி. ஆனா இது வெசத்தை எழந்துட்டது. இதுக்குப் பொறக்கறதுக்கும் வெசம் இருக்காது. இதைப் போட்டா மாட்டுக்கு நோயை எதுக்கற சக்தி வந்துரும்."

"புலிக்குப் பொறந்தது பூனையாவுமா? நோவையே ஏத்தறேங்கறாரே! அடியே, மாட்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ உங்க வூட்டுக்கே போயிரு, ஆமா!"

"போறேனுங்க அத்தே," என்றேன். என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வயல் பக்கம் நழுவிவிட்டார். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அவர் எப்போதுமே அகப்பட்டுக்கொள்ள மாட்டார்.

ஊசி போட்ட மறுநாள் இரண்டுக்கும் கழுத்து வீங்கியது, தீவனம் தொடவில்லை. வீங்கும், தானாக வடியும் என்று டாக்டர் சொல்லித்தான் போயிருந்தார். ஆனாலும் நான் தொழுவத்தை விட்டு நகரவில்லை. மாமியார் வீக்கத்தில் சூடு போட அரிவாளை அடுப்பில் செருகிவிட்டார். அது பழுக்கக் காய்ந்து வெளியே வந்தபோது நான் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"மொதல்ல எனக்குப் போடுங்க!"

முறைத்துப் பார்த்தார். பிறகு அரிவாளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வீசிவிட்டுப் போய்விட்டார். விடிந்தபோது இரண்டும் வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தன.

மழை வந்தது, அடைப்பானும் வந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி. ஏரிக்கரையில் எல்லா மாட்டோடும் மேய்ந்த எங்கள் ஜோடி மட்டும் கல்லு மாதிரி நின்றது. மாட்டைப் பறிகொடுத்தவர்களின் வீட்டைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஆனால் பொய் சொல்வானேன், எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஈரம் காய்வதற்குள் ராகி விதைக்க வேண்டும், தெருவில் வேறு ஏர்மாடு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் துண்டைக் கையில் பிடித்தபடி மாமியாரிடம் வந்து நின்றார்.

"ஒருநா உழவுக்கு மாட்டைக் குடுங்கக்கா."

"என்னையக் கேக்காதீங்க," என்றார் மாமியார், தெருவுக்கே கேட்கிற குரலில். "அது எம் மருமவ மாடு. அவளைக் கேட்டு ஓட்டிக்கிட்டுப் போங்க."

கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். ஒரே நிபந்தனை, அடுத்த முறை டாக்டர் ஊசியோடு வரும்போது, புதிதாக வாங்கும் மாட்டை அவரவரே பிடித்துக்கொண்டு வர வேண்டும்.