நடுப்பகலுக்கு ஒரு டெலஸ்கோப்

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். பாலக்கரையிலிருந்து வந்த காய்கறிக்காரர் சொன்னார்: "துப்பாக்கி ரிப்பேர் கனி பாய் மவுத்தாயிட்டாருங்க. நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க." ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பாயைத் தெரிந்தவர்கள் படியுங்கள். தெரிந்தும் வாய் திறக்காதவர்கள் கட்டாயம் படியுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ரைபிள் கிளப்பில் எனக்குக் குழி வேலை. இலக்குக்குக் கீழே குழியில் உட்கார்ந்து, குண்டு பட்ட இடத்தைக் கழியால் காட்ட வேண்டும். பிறகு ஓட்டையைக் காகிதம் ஒட்டி மூட வேண்டும். பாய் அங்கே துப்பாக்கி பழுது பார்ப்பவர். வருடப் போட்டிக்கு அவர் பெயர் கொடுத்தபோது செயலாளர் வக்கீலய்யா சிரித்தார்.

"துடைக்கிறவன் சுட வந்தா, நாங்க துடைக்கிறதா?"

"ஒரு நாள் துடைச்சுப் பாருங்க சார், கை நடுக்கம் நிக்கும்."

ஜெயித்தால் அணியில் இடம், தோற்றால் இனிமேல் சுடக் கேட்கக் கூடாது என்று பேச்சானது.

அந்த நாளில் துப்பாக்கி மேலே பொருத்த டெலஸ்கோப் வாங்குகிறவர்கள் விடியற்காலையில் ஸ்ரீரங்கத்துக் கரையில் நின்று மலைக்கோட்டை உச்சியைப் பார்ப்பார்கள். எதில் கோயில் கொடியின் மடிப்புத் தெரிகிறதோ அதுதான் உசத்தி. வக்கீலய்யா அப்படி இருபது மடங்கு பெரிதாக்குவதை எடுத்தார். பாய் எடுத்தது நாலு மடங்கு.

"இதுல கொடி தெரியாதே பாய்!" என்று வக்கீலய்யா கேலி செய்தார்.

"நான் கொடியையா சுடப்போறேன்? போட்டி நடுப்பகல்ல. மணல் கொதிச்சா உங்க கண்ணாடியில கானலும் இருபது மடங்கு ஆடும்."

கண்ணாடியைவிட அவர் பாடுபட்டது அதைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் வளையங்களுக்கு. இரும்பைக் கடைந்து, தாழ்வாக இரண்டு வளையம். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தால் கண் தானாகக் கண்ணாடிக்கு நேரே நிற்கும். உள்ளே மை தடவி, எங்கே ஒட்டவில்லை என்று பார்த்துப் பார்த்து ராவினார். "பிடி ஆடினா, சரியாப் பார்த்துத் தப்பாச் சுடுவோம்" என்பார்.

போட்டி நாள் வந்தது. முந்நூறு கெஜத் தூரம். வக்கீலய்யாவின் குண்டுகள் சிதறின. பாயின் பத்தும் கறுப்பு வட்டத்துக்குள். நான் கழியால் காட்டினேன். உடனே மேலிருந்து ஆள் வந்தார்.

"கைநாட்டுக்கு எண்ணத் தெரியலையாம். ஓட்டையெல்லாம் ஒட்டி மூடிடு. மறுபடி சுடணும்னு வக்கீலய்யா உத்தரவு."

நான் ஒட்டவில்லை. இலக்கைச் சட்டத்தோடு தோளில் தூக்கிக்கொண்டு முந்நூறு கெஜமும் நடந்தேன். எல்லார் முன்னாலும் நிறுத்தினேன். "எழுத்துத்தாங்க எனக்குத் தெரியாது. ஓட்டை நல்லாத் தெரியும்."

அன்றே என் வேலை போனது. பாய்க்கு அணியில் இடமும் தரவில்லை. பரிசுப் பலகையில் வேறு பெயர் எழுதினார்கள். பாய் கெஞ்சவில்லை. "பலகை அவங்களோடது, எழுதிக்கட்டும். சுட்டது நான்" என்று துப்பாக்கியை உறையில் போட்டார்.

அவரிடமிருந்து எனக்கு வந்த சொத்து இந்தத் திமிர் ஒன்றுதான். அதோடு சொல்கிறேன்: அன்று ஜெயித்தவர் பாலக்கரை கனி பாய். இல்லை என்பவர் ஸ்ரீரங்கத்துக்கு வரட்டும். குழியில் இருந்தவன் நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.