மிளகாய்க்குப் பின்னால் நின்ற கோதுமை: செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை ஒரு டார்ட்டியா

போன சனிக்கிழமை நான் செங்கல்பட்டுக்குப் போனதற்கு ஒரே காரணம் என் வாய். மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வறுவல் கடை வைத்திருக்கும் நண்பன் ரஃபியிடம், சென்னையிலிருந்து சைக்கிளில் வரும் கோஷ்டி ஒன்று பேசியிருக்கிறது. மைதா இல்லாமல், புதிதாக அரைத்த முழுக் கோதுமையில் டார்ட்டியா போட்டு மீனைச் சுருட்டித் தந்தால், ஞாயிறுதோறும் இருபது பேர் வருவார்களாம். சனிக்கிழமை மதியம் அவர்களில் ஒரு பெண் ருசி பார்க்க வருவாள். டார்ட்டியா என்றால் பயந்துவிடாதீர்கள், மெக்சிகோவில் வாக்கப்பட்ட நம்ம சப்பாத்திதான்.

மழையில் வியாபாரமே இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ரஃபிக்கு இந்த ஆர்டர் கிடைத்தால்தான் கடை நிற்கும். "அதுக்கென்ன, நான் போட்டுத் தரேன்" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் நான் போட்டதெல்லாம் அப்பளமாகவே முடிந்ததைச் சொல்லவில்லை. ரஃபி என் மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். நல்லவேளை, அவள் போன் சார்ஜில் இருந்தது.

நான் இருக்கும் மறைமலைநகரிலிருந்து மின்சார ரயிலில் பதினைந்து நிமிடம், ஐந்து ரூபாய். செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் மாவு மில். கையில் இரண்டு கிலோ சம்பா கோதுமை. எனக்கு முன்னால் ஓர் அம்மா, மருமகள் பாக்கெட் மிளகாய்த்தூள் வாங்கும் கொடுமையை ஊருக்கே சொல்லியபடி மூன்று கிலோ மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். நான் மருமகள் கட்சி. ஆனாலும் கதையை ஒரு வரி விடாமல் கேட்டேன்.

மில்காரம்மா என்னைப் பார்த்தார். "மொளகா இப்பத்தான் எறங்கிச்சு. ரெண்டு பிடி அரிசி வுட்டு ஓட்டுனாத்தான் மெஷின்ல காரம் போவும், கொஞ்சம் நில்லு சார்."

"பஸ் போயிடும்மா. அப்படியே போடுங்க."

"அப்பால வந்து சண்டைக்கு நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

ஒன்பதரைக்குப் பஸ். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். மடியில் படுத்த பூனை போல மாவு வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் வரிசையாகத் தும்மியும் எனக்குப் புத்தியில் ஏறவில்லை.

ரஃபி கடையில் மாவைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்தேன். உப்பு, கொஞ்சம் எண்ணெய், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். தண்ணீர் பட்டதும் கோதுமை புதுப்பெண் போலச் சிவந்தது.

"இன்னா மச்சான், மாவு செவப்பா கீது?"

"நாட்டுக் கோதுமைடா."

ரஃபி ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தான். "நாட்டுக் கோதுமை காரமா இருக்குமா? மில்லுல இன்னாடா பண்ண?"

சொன்னேன்.

"அந்தப் பொண்ணு வந்துகினு கீது! என் பொழப்புலயே மொளகா அரைச்சுட்டியேடா பேமானி!"

வேறு மாவு வாங்க நேரமில்லை. என் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்தது வரைக்கும் எடுத்து அரைமணி நேரம் திட்டினான். அவ்வளவு நேரமும் மாவு ஈரத்துணிக்கடியில் நிம்மதியாகத் தூங்கியது. அதுதான் விஷயமே! வீட்டில் நான் பிசைந்த கையோடு தேய்த்துவிடுவேன். முழுக் கோதுமையில் இருக்கும் தவிடு தண்ணீர் குடித்து ஊற நேரம் வேண்டும். இப்போது உருண்டையை இழுத்தால் ரப்பராக நீண்டது. மெல்லிசாகத் தேய்த்து, காய்ந்த கல்லில் பக்கத்துக்கு அரை நிமிடம், எடுத்ததும் துணியில் சுற்றி டப்பாவில். ஆகா, பட்டுத்துணி!

ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி அந்தப் பெண் வந்தாள். வஞ்சிரத் துண்டை வைத்துச் சுருட்டினாள். எங்கே விரிசல் விடுமோ என்று ரஃபி எட்டிப் பார்த்தான். விரியவில்லை. இரண்டாக மடித்தாள். அப்போதும் விரியவில்லை. கடித்தாள்.

"சூப்பர் அங்கிள்! மாவுலயே காரம் இருக்கே, என்ன மசாலா?"

ரஃபி கூசாமல் சொன்னான்: "அது நம்ம கடை ஸ்பெஷல்மா."

"நாளைக்கு இருபது பேர். எப்பவும் இதே கலர்ல வேணும்."

ரஃபி என்னைக் கட்டிக்கொண்டான். 'அங்கிள்' என்றதைக்கூட மன்னித்துவிட்டேன்.

நீங்களும் கிளம்பினால்: மில்லுக்குக் காலையிலேயே போங்கள், முன்னால் நிற்பவர் பையை எட்டிப் பாருங்கள். மாவு ஆறாமல் டப்பாவை மூடாதீர்கள், வியர்த்துவிடும். பிசைந்த பின் அரைமணி நேரம் தொடாதீர்கள். திட்ட ஆள் கிடைத்தால் நேரம் போவதே தெரியாது.

மீதி மாவு ஞாயிறோடு சரி. அன்று மாலையே, மில் போர்டில் பார்த்துக் குறித்துவைத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். "அம்மா, அடுத்த சனிக்கிழமை யாராச்சும் மொளகா அரைச்சா, அதுக்கு அடுத்து என்னை நிக்க வைங்க. நடுவுல அரிசி மட்டும் ஓட்டிடாதீங்க."

மில்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"சார், வூட்ல எல்லாரும் நல்லாத்தான கீறாங்க?"